வாந்தி இன்றித் தொண்ணூற்றொன்பது நாள்

எனக்குப் பேருந்தில் வாந்தி வரும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் தெரிந்து முகம் சுளிப்பதற்குப் பதிலாக இப்போதே சுளித்துவிட்டு உட்காருங்கள். நாலு வயதில் தொடங்கிய பழக்கம், நாற்பத்தொன்றிலும் என்னை விடவில்லை. தையல் மெஷின் முன்னால் பன்னிரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எனக்கு ஒன்றும் ஆகாது. பேருந்து முதல் வளைவில் திரும்பினால் போதும், உடம்பு திரும்பும், வயிறு மட்டும் நேராகப் போகும்.

இப்படிப்பட்டவனுக்கு வாய்த்த அக்கா புருஷன், மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறவர். இருபத்தேழு கொண்டை ஊசி வளைவுகள், ஒரு நாளைக்கு இரண்டு முறை ஏற்றம், இரண்டு முறை இறக்கம், இருபத்திரண்டு வருஷம். டெப்போவில் அவருக்குப் பெயரே கொண்டை ஊசிதான். நான் மாமா என்று கூப்பிடுவேன். அவருடைய காக்கிச் சட்டைகளை நான்தான் தைத்துக் கொடுக்கிறேன். காலர் ஒரு நூல் பிசகினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஓட்டத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் வளைவில் திரும்பும்போது பயணி கையிலிருக்கும் டீ தளும்பாது. அந்தக் கர்வத்தினால்தான் வாந்தியை அவரால் பொறுக்கவே முடியவில்லை. தன் வண்டியில் ஒருவன் வாந்தி எடுத்தால், தன் முகத்தில் காறித் துப்பியதாகவே எடுத்துக்கொள்வார். அடிவாரத்தில் வண்டி கிளம்புமுன் எழுந்து நின்று ஒரு சொற்பொழிவு நடக்கும். “வாந்தி வயித்துல இல்ல, மனசுல இருக்கு. மனசை இறுக்கிப் பிடிச்சா ஒண்ணும் வராது. பிடிக்க முடியாதவங்க இப்பவே இறங்கிடுங்க, அடுத்த வண்டி அரை மணியில வரும்.” நிஜமாகவே நாலைந்து பேர் இறங்கிப் போவார்கள்.

வீட்டிலும் அதே சட்டம்தான். அக்கா மூத்த பிள்ளையைச் சுமந்தபோது மூன்று மாதம் பின்கட்டிலேயே குடியிருந்தாள். இந்த மனிதர் உள்ளே இருந்தபடி சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து, “மனசை இறுக்கிப் பிடி, மனசை இறுக்கிப் பிடி” என்று தைரியம் சொல்லிக்கொண்டிருப்பார். அவள் இதை இன்றுவரை மறக்கவில்லை. மறக்கப் போவதும் இல்லை.

இவருக்கு ஏற்ற கண்டக்டர் ஒருவர் வந்து சேர்ந்தார். ஒல்லி உடம்பு, காதில் பென்சில், எதற்கெடுத்தாலும் விதி. எல்லாரும் அவரைச் சட்டம் என்றே கூப்பிடுவார்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து, பிள்ளைகள் எழுதும் சிலேட்டு ஒன்றை ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் மாட்டினார்கள். ‘இந்தப் பேருந்தில் வாந்தி இன்றி’ என்று மேலே பெயின்ட்டில் எழுதியிருக்கும். கீழே ‘நாள்’. நடுவில் எண்ணை மட்டும் சட்டம் தினமும் சாக்பீஸால் மாற்றுவார்.

சண்டை வரக்கூடாது என்று சட்டம் விதிகளும் வகுத்து வைத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே எடுத்தாலும் கணக்கில் சேரும். பைக்குள் எடுத்தாலும் சேரும். நிறுத்தத்தில் இறங்கி எடுத்தால் சேராது. நிறுத்தம் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்தி இறங்கி எடுத்தால் சேரும், ஏனென்றால் அது ஏமாற்று வேலை. எல்லாவற்றுக்கும் மேலான விதி ஒன்று உண்டு. வாயை விட்டு வெளியே வந்தால்தான் வாந்தி. வாய்வரை வந்து உள்ளேயே திரும்பிப் போனால், அது அந்தப் பயணியின் சொந்த விஷயம்.

ஒருமுறை சிலேட்டில் எண் அறுபத்துமூன்றைத் தொட்டது. அதற்கு முன் அவ்வளவு தூரம் போனதே இல்லை. அறுபத்துநாலாம் நாள் நான் பித்தான் வாங்க அடிவாரத்துக்குப் போய்விட்டு அந்த வண்டியில் ஏறினேன். அப்புறம் நடந்ததை நான் சொல்லத் தேவையில்லை. சட்டம் என் கண் முன்னால் எண்ணை எச்சில் தொட்டு அழித்துப் பூஜ்யம் போட்டார். மாமா என்னோடு பதினைந்து நாள் பேசவில்லை. என்னை வண்டியில் ஏற்றுவதையும் அன்றோடு நிறுத்திவிட்டார்.

அதற்கப்புறம் எண் ஏறிக்கொண்டே போனது. எழுபது, எண்பது, தொண்ணூறு. டெப்போவில் மற்ற ஓட்டுநர்கள் சும்மா இருப்பார்களா? “மச்சானை ஏத்தாம நூறு அடிச்சா அது ஒரு நூறா?” என்று ஒருவர் கேட்டுவிட்டார். அது போதும் மாமாவுக்கு. தொண்ணூற்றொன்பதாம் நாள் சாயங்காலம் என் கடைக்கு வந்து நின்றார்.

“நாளைக்கு நீ என் வண்டியில வர்ற.”

“மாமா, எனக்கு நாளைக்கு ரெண்டு ஜாக்கெட் குடுக்கணும்.”

“அந்த அம்மா நாளன்னைக்குப் போட்டுக்கட்டும். நீ வந்தாத்தான்டா அது நூறு.”

மறுநாள் காலையில் என்னை வேறு வண்டியில் மலையிறக்கிக் கொண்டுபோய், அடிவார கேன்டீனில் உட்கார வைத்தார்கள். அந்தப் பயணம் எப்படி இருந்தது என்று யாரும் கேட்கவில்லை, அது வேறு வண்டி. மத்தியானம் எனக்குச் சாப்பாடு கிடையாது என்று மாமா உத்தரவு போட்டார். ஆனால் நூறாம் நாள் விருந்து என்று கேன்டீன்காரர் இலையில் கோழியும் சோறுமாய்க் குவித்துவிட்டார். மாமா தன் பங்கை முடித்தார். என் பங்கு எதிரே ஆறிக்கொண்டிருந்தது. வீணாகப் போகக்கூடாது என்று அதையும் முடித்தார். அதன்மேல் இரண்டு டம்ளர் மோர். ஏப்பம் விட நேரமில்லாமல் ஓடிப்போய் வண்டியில் ஏறினார்.

என்னை அவருக்கு நேர் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். சட்டைப்பையில் எலுமிச்சம்பழம், கண் முன்னால் சிலேட்டு. ஓட்டுநர் தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் மாமாவின் கண்கள் என்னையே கவனித்துக்கொண்டிருந்தன. பயத்தில் நானும் அவர் கண்களையே கவனித்தேன். அதனால்தான் பத்தொன்பதாவது வளைவில் அவர் கொட்டாவி விட்டதைப் பார்த்தேன்.

கொட்டாவி யாருக்கும் வரும். ஆனால் அடுத்த நிமிஷமே இன்னொன்று வந்தது. அப்புறம் அடிக்கடி எச்சில் விழுங்கினார். மேலுதட்டில் வியர்வை பூத்தது. குளிர்காற்று அடிக்கிற மலையில் ஜன்னலை முழுக்கத் திறந்தார். எனக்கு அந்த முகம் தெரியும். முப்பத்தேழு வருஷமாகப் பேருந்துக் கண்ணாடிகளில் நான் பார்த்துவரும் என் சொந்த முகம் அது.

“மாமா, ஓரமா நிறுத்துங்க” என்றேன் மெதுவாக.

கண்ணாடிக்குள்ளிருந்து ஒரு முறைப்பு வந்தது. அங்கே நிறுத்தம் கிடையாது. நிறுத்தினால் கணக்கில் சேரும், அது அவரே ஒப்புக்கொண்ட விதி.

இருபத்திரண்டாவது வளைவில் முதல் தடவை வந்தது. கன்னம் இரண்டும் உப்பின, கண்ணில் நீர் முட்டியது, அவர் விழுங்கிவிட்டார். இருபத்துமூன்றில் மறுபடியும். அதையும் விழுங்கினார். மூன்றாவது தடவை உடம்பே தூக்கிப் போட்டது. தோளில் கிடந்த துண்டை இடது கையால் எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். ஒரு சொட்டுக்கூட வெளியே வரவில்லை. பதிலாக, அடிபட்ட மாதிரி ஒரு முனகல் வந்தது. அந்த நிலையிலும் வண்டியை மலைப்பக்கமாக ஒடித்து, நிறுத்தி, கைப்பிரேக்கைப் போட்டார். அப்புறம்தான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஸ்டியரிங்கின் மேல் சாய்ந்தார். நாற்பது பேருக்கு ஒரு கீறல் இல்லை. அந்த மனிதரை எவ்வளவு திட்டினாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

“ஹார்ட்டு, ஹார்ட்டு” என்று வண்டி முழுக்கக் கத்தியது. யாரோ தண்ணீர் கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்ததும் அவர் வண்டியே அதிரும்படி அலறினார். பின்னால் வந்த ஜீப்பில் ஏற்றி, மலைமேல் இருக்கும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். சட்டமும் கூடவே வந்தார். பரபரப்பில் யாருமே கவனிக்கவில்லை, மீதி நாலு வளைவும் எனக்கு ஒன்றுமே செய்யவில்லை.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டரம்மா மூக்குக்கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டு அதைத் தேடிக்கொண்டிருந்தார். மாமாவைப் பார்த்ததும் தேடுவதை விட்டுவிட்டு வேலையில் இறங்கினார். நெஞ்சில் ஒயர்களை ஒட்டி இ.சி.ஜி. எடுத்தார். இதயத்தில் கோளாறு தெரியவில்லை. பத்து நிமிஷம் கழித்து இன்னொன்று எடுத்தார். அதிலும் தெரியவில்லை. மாமாவோ படுக்க முடியாமல், உட்கார முடியாமல் முறுக்கிக்கொண்டிருந்தார். மூச்சு மேலே மேலே வாங்கியது. வலி நெஞ்சிலிருந்து முதுகுக்கும் இடது தோளுக்கும் ஓடுகிறது என்றார்.

“வாந்தி எடுத்தீங்களா?” என்று டாக்டரம்மா கேட்டார்.

“இல்ல.”

“குமட்டலாவது இருந்துச்சா?”

“இல்ல.”

சட்டம் முன்னால் வந்து நிமிர்ந்து நின்றார். “எங்க வண்டியில தொண்ணூத்தொன்பது நாளா வாந்தியே கிடையாது டாக்டரம்மா. இன்னிக்கு நூறு.”

“நான் உங்க வண்டிக்கு வைத்தியம் பார்க்கல” என்றார் டாக்டரம்மா.

அந்நேரம் அக்கா வந்து சேர்ந்தாள். இரண்டு காலிலும் இரண்டு விதச் செருப்பு. மாமாவின் கண் என்னைத் தேடிப் பிடித்தது. வாயைத் திறந்தாய் என்றால் தொலைந்தாய் என்று அந்தக் கண் சொன்னது. ஏற்கனவே ஒருமுறை அவருக்குப் பூஜ்யம் வாங்கிக் கொடுத்தவன் நான். இரண்டாவது தடவையும் நானா? சத்தியமாகச் சொல்கிறேன், நான் பேசாமல்தான் நின்றேன். அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்துக்காக இன்னமும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“வயித்துப் புண்ணா இருக்கலாம். முதல்ல இதைக் குடிக்கட்டும்” என்று நர்ஸ் ஒரு சின்னக் கோப்பையில் வெள்ளையாய் ஒரு மருந்தைக் கொண்டுவந்தார். கோப்பை மாமாவின் உதட்டருகே போனது. வண்டியில் ஒரு வாய்த் தண்ணீருக்கே அவர் போட்ட அலறல் மறுபடி என் காதில் கேட்டது. பாய்ந்து போய் அதைப் பிடுங்கினேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நானே குடித்துவிட்டேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

“டாக்டரம்மா, இவர் வாந்தி எடுத்தார். மூணு தடவை எடுத்தார். வாயைத் திறக்காம எடுத்தார்.”

“வெளிய வரலையே!” என்று சட்டம் பதறினார். “வாயை விட்டு வெளிய வந்தாத்தானே வாந்தி?”

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க” என்றார் டாக்டரம்மா. அவர் குரலே மாறிவிட்டது. என் பக்கம் திரும்பினார். “வலி முதல்ல வந்துச்சா, வாந்தி முதல்ல வந்துச்சா?”

“வாந்தி. ரெண்டு தடவை விழுங்கிட்டார். மூணாவது தடவை துண்டை வச்சு அழுத்தினார். அப்பத்தான் நெஞ்சைப் பிடிச்சார்.”

“நிச்சயமாத் தெரியுமா?”

“மத்த விஷயம் எனக்குத் தெரியாது டாக்டரம்மா. வாந்தி விஷயத்துல நான் தப்பு சொல்லமாட்டேன்.”

டாக்டரம்மா மாமாவின் கழுத்தடியில், காறை எலும்புக்கு மேலே, இரண்டு விரலை வைத்து அழுத்தினார். மறுபடி அழுத்தினார். என்னைக் கூப்பிட்டு என் விரலையும் வைக்கச் சொன்னார். தோலுக்கு அடியில் நறநறவென்றது. துணிக்குக் கீழே நான் விரிக்கும் பழுப்புக் காகிதம் கைப்பட்டால் அப்படித்தான் இருக்கும்.

“காத்து” என்றார். “இருக்கக்கூடாத இடத்துல காத்து இருக்கு.”

படுத்தபடியே எக்ஸ்ரே எடுத்தார்கள். இதயத்தைச் சுற்றிக் கறுப்பாய்க் காற்றுக் கோடு. இடது நுரையீரலுக்கு அடியில் நீர் கட்டியிருந்தது. டாக்டரம்மா அதை விளக்கில் பிடித்து, அக்காவுக்கும் எனக்கும் புரிகிற மாதிரி சொன்னார். வயிறு முழு பலத்தோடு மேலே தள்ளியிருக்கிறது, இவர் மேலே வாயை அடைத்திருக்கிறார், நடுவில் மாட்டிக்கொண்ட உணவுக்குழாய் கீழ்ப்பக்கம் கிழிந்துவிட்டது. சாப்பிட்டதும், குடித்ததும், வயிற்றின் புளிப்பும் நெஞ்சுக்கூட்டுக்குள் கசிகின்றன. நெஞ்சுவலி என்று வருவதால் பலபேர் இதை மாரடைப்பு என்றே நினைத்து நேரத்தை விட்டுவிடுகிறார்கள்.

“இனிமே ஒரு சொட்டுத் தண்ணிகூட வாயில படக்கூடாது. கிழிஞ்சு ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. இன்னிக்கே தைச்சா பிழைக்க நல்ல வாய்ப்பு இருக்கு. நாளைக்கு வரைக்கும் விட்டா, உள்ள சீழ் பிடிச்சு, தையல் நிக்காது. ஆளும் நிக்கமாட்டார்.”

அக்கா தலையிலடித்துக்கொண்டாள். “இறுக்கிப் பிடி, இறுக்கிப் பிடின்னு இருபது வருஷமா ஊருக்கே சொன்னீங்களே! பிடிச்சீங்க, பாருங்க!” திட்டிக்கொண்டே அழுதாள், அழுதுகொண்டே அவர் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். மாமா அவளைப் பார்க்காமல் என்னைத்தான் பார்த்தார். கோபமாகப் பார்க்கத்தான் முயன்றார், வலி விடவில்லை.

கையில் ஊசி குத்தி மருந்தும் நீரும் ஏற்றினார்கள். மூக்கில் ஆக்சிஜன். டாக்டரம்மா அடிவாரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, அறுவை அரங்கைத் தயாராக வைக்கச் சொன்னார். தேடிக்கொண்டிருந்த கண்ணாடி தலையில் இருப்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

ஆக, நான் ஆம்புலன்ஸில் அதே மலையை இறங்கவேண்டும். மூன்றாவது வளைவிலேயே எனக்குத் தொடங்கிவிட்டது. நர்ஸ் கொடுத்த பைக்குள் தலையை விட்டுக்கொண்டேன். உள்ளே போன வெள்ளை மருந்து அப்படியே வந்தது. அந்த வேதனையிலும் மாமா ஒரு கையைத் தூக்கி ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தார்: மெதுவா, அகலமா எடு, இப்போ ஒடி. இருபது வளைவுகள் வரை கை ஆடியது. அப்புறம் விழுந்துவிட்டது. எனக்கு உயிரே போய்விட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன். அது என் கையைத் திருப்பிப் பிடித்தது. இந்த மனிதர் போய்விட்டால் என் சட்டையில் குறை சொல்ல யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன். அழுகை வந்தது. வாந்தியும் வந்தது. இரண்டையும் நான் அடக்கவில்லை.

கீழே ஸ்கேன் எடுத்துக் கிழிந்த இடத்தை உறுதி செய்தார்கள். இருட்டுவதற்குள் அறுவை அரங்குக்குள் கொண்டுபோனார்கள். நாலு மணி நேரம் கழித்து சர்ஜன் வெளியே வந்தார். இடது விலாப்பக்கம் திறந்து, நெஞ்சைக் கழுவி, மூன்று விரல்கடை நீளக் கிழிசலைத் தைத்தாயிற்று என்றார். கசிவு வெளியேற விலாவில் இரண்டு குழாய்கள். சோற்றுக்குப் பதிலாகக் குடலுக்கு நேரே ஆகாரம் போக வயிற்றில் ஒரு குழாய்.

“ஒத்தைத் தையலா, ரெட்டைத் தையலா டாக்டர்?” என்று கேட்டுவிட்டேன். தொழில் புத்தி.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ரெட்டை. மேல விலாச் சதையில ஒட்டும் போட்டிருக்கு.”

அதற்கப்புறம்தான் நான் உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் சட்டம் பார்க்க வந்தார். மாமாவின் தொண்டையில் சுவாசக் குழாய் இருந்ததால் பேச முடியாது. சட்டம் கட்டிலருகே நின்று காதுப் பென்சிலைத் தடவிக்கொண்டே ரகசியமாகச் சொன்னார். “அண்ணே, சிலேட்டை நான் தொடல. தொண்ணூத்தொன்பதுலயே நிக்குது. விதிப்படி அது வாந்தி கிடையாது. நீங்க வந்ததும் நூறு போட்டுரலாம்.”

மாமா விரலை ஆட்டிப் பென்சில் கேட்டார். நான் கட்டிலில் தொங்கிய குறிப்பு அட்டையைப் பிடித்தேன். கோணல்மாணலாக எழுதினார்: ‘பூஜ்யம் போடு.’

“வெளிய வரலையே அண்ணே!” சட்டத்தின் கண் கலங்கிவிட்டது.

மாமா அந்த வரிக்கு அடியில் அழுத்தமாக ஒரு கோடு இழுத்தார். பென்சில் முனை ஒடிந்தது.

பத்தாம் நாள் ஒரு மருந்தை விழுங்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். தையலில் கசிவு இல்லை. அக்கா ஒரு ஸ்பூன் தண்ணீரை அவர் உதட்டில் விட்டாள். அவர் அதை விழுங்குவதற்குள் நாங்கள் எல்லாரும் எங்கள் எச்சிலை விழுங்கினோம். அப்புறம் கஞ்சித்தண்ணீர், அப்புறம் குழைந்த சோறு. அரைக் கரண்டி அதிகம் கேட்டால்கூட அக்கா கொடுக்கமாட்டாள். வேலைக்குத் திரும்ப ஐந்து மாதம் ஆனது. உடம்பு இளைத்துவிட்டதால் எல்லாச் சட்டைக்கும் நான் நாலு விரல் பிடித்துத் தைக்கவேண்டியிருந்தது. காலர் சரியில்லை என்று ஒன்றைத் திருப்பி அனுப்பினார். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமில்லை.

அவர் வண்டி எடுத்த இரண்டாவது வாரம் நூல் வாங்கப் போய்விட்டு அடிவாரத்தில் அவருடைய பேருந்தில் ஏறினேன். சொற்பொழிவு இல்லை. சிலேட்டில் பதினொன்று என்று இருந்தது. நான் கடைசி வரிசைக்குப் போய் ஒடுங்கிக்கொண்டேன். பன்னிரண்டாவது வளைவில் கொட்டாவி வந்தது. பதின்மூன்றில் இன்னொன்று. பல்லைக் கடித்தேன். இவருக்கு மூன்றாவது பூஜ்யத்தைக் கொடுக்க எனக்கு மனசில்லை.

வண்டி மலைப்பக்கமாக ஒதுங்கி நின்றது. கைப்பிரேக் போடும் சத்தம் கேட்டது.

“அண்ணே, இங்க நிறுத்தம் இல்லையே” என்றார் சட்டம்.

மாமா இருக்கையை விட்டு எழுந்தார். கண்ணாடியில் என்னை எப்போதிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாரோ தெரியாது. பின்னால் வந்து, என் கையைப் பிடித்து இறக்கி, சாலையோரத்தில் குனிய வைத்தார். ஜன்னல்களில் வரிசையாக முகங்கள். ஒரு கையை என் நெற்றியில் வைத்துத் தாங்கினார், இன்னொரு கையால் முதுகைத் தடவினார்.

“வாயைத் திறடா மச்சான். நல்லாத் திற. எதையும் உள்ள வச்சுக்காதே.”

திறந்தேன். என் ஆயுளில் முதல்தடவையாக ஒன்றும் வரவில்லை. அதை அவரிடம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. நாற்பது பேர் காத்திருக்க, அவர் என் நெற்றியிலிருந்து கையை எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார்.